வாடகை குறைந்த ஊருக்கு மாறலாமா? நர்ஸ் குடும்பங்களுக்கு முன்னால் உள்ள நான்கு வழிகள்

பெருநகரத்தில் பெரிய மருத்துவமனை, பழகிய வார்டு, மோசமில்லாத சம்பளம். ஆனாலும் சம்பளம் ஏறிய வாரத்திலேயே பாதிக்கு மேல் வாடகைக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் போய்விடுகிறது. செலவு குறைந்த ஊருக்குப் போனால் வீடு கொஞ்சம் பெரிதாகக் கிடைக்கும், குழந்தைகளோடு இருக்க நேரமும் கிடைக்கும் என்று தோன்றுகிறது. சம்பளம் எவ்வளவு குறையும், அங்கே போய் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் காலை இழுக்கிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் முடிவெடுக்காமல் இருக்கும் செவிலியர்களுக்காக இந்த ஒப்பீடு.

இரண்டு ஊர் வாடகையையும் இரண்டு ஊர் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அலுவலக வேலைக்காரர்களுக்குப் போதும். நர்ஸ் வீட்டுக்குப் போதாது. ஊர் மாறும்போது டியூட்டி ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணை) மாறுகிறது, ஒருவர் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை மாறுகிறது, பணிமூப்பு பூஜ்யத்துக்குப் போகிறது. சில சமயம் உரிமமே செல்லாமல் போகிறது. வாடகை விளம்பரத்தில் தெரியும். கேட்காவிட்டால் இவை எதுவும் வேலையில் சேரும்வரை தெரியாது. அதனால் முதலில் அளவுகோல்களை வைத்துக்கொண்டு, பிறகு நான்கு வழிகளையும் (பெருநகரத்திலேயே வேறு வேலை, புறநகரில் வீடு, நடுத்தர நகரம், சிற்றூர்) ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

### மாதக் கடைசியில் மிஞ்சும் பணம்

இப்போது கைக்கு வரும் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதன் பங்காக எழுதுங்கள். கீழே உள்ள எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்ட மட்டுமே. உங்கள் எண்களைப் போட்டால்தான் உங்கள் விடை வரும்.

| | பெருநகரம் | புறநகர், அதே வேலை | நடுத்தர நகரம் | சிற்றூர் |
|---|---|---|---|---|
| கைக்கு வரும் சம்பளம் | 100 | 100 | 85 | 74 |
| வாடகை | 36 | 25 | 20 | 13 |
| குழந்தைப் பராமரிப்பு | 20 | 18 | 13 | 5 |
| போக்குவரத்து | 6 | 15 | 9 | 10 |
| மற்ற வீட்டுச் செலவு | 24 | 24 | 22 | 21 |
| மிச்சம் | 14 | 18 | 21 | 25 |

நடுத்தர நகரத்தில் மாதம் 7 பங்கு கூடுதலாக மிஞ்சுகிறது. நல்ல விஷயம்தான். இப்போது குடிபெயரும் செலவைச் சேருங்கள்: வீட்டு முன்பணம், சாமான் ஏற்றுவது, பதிவுக் கட்டணங்கள், பழைய வேலைக்கும் புதிய முதல் சம்பளத்துக்கும் இடையே விழும் இடைவெளி. எல்லாம் சேர்ந்து ஒன்றரை மாதச் சம்பளம், அதாவது 150 பங்கு ஆனால், மாதம் 7 வீதம் அதை ஈடுகட்டவே 21 மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டு வருடத்துக்குள் மறுபடி ஊர் மாற வாய்ப்புள்ளவர்களுக்கு, வெளிநாட்டு விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்களுக்கு, பணக் கணக்கில் இந்த மாற்றம் நஷ்டமே.

துணைவரின் சம்பளம் இந்த அட்டவணையில் இல்லை. வேண்டுமென்றே விட்டது. அதைத் தனி வரியாக எழுதிப் பாருங்கள். புதிய ஊரில் அவருடைய வருமானம் 12 பங்கு குறைந்தால், 7 பங்கு லாபம் 5 பங்கு நஷ்டமாகிவிடும். நர்ஸுக்குப் பெரும்பாலும் எந்த ஊரிலும் ஏதாவது ஒரு வேலை கிடைத்துவிடும். துணைவரின் துறை அப்படியா என்பதைப் பொறுத்தே பல குடும்பங்களின் முடிவு அமைகிறது.

சம்பளம் எவ்வளவு குறையும் என்பது உங்கள் முதலாளி யார் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனின் அரசுச் சுகாதார அமைப்பான என்.எச்.எஸ்.ஸில் 2004 முதல் சம்பளம் தரப்படி நிர்ணயிக்கப்படுகிறது, மருத்துவமனைப்படி அல்ல. இங்கிலாந்தில் லண்டன் உள்வட்டத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம், வெளிவட்டத்துக்கு 15, விளிம்புப் பகுதிக்கு 5 என்று கூடுதல் படி உண்டு. அதற்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் உண்டு. உள்வட்டத்திலிருந்து தூரத்து நகரத்துக்குப் போகும் ஒருவர், அதே தரத்தில் சேர்ந்தால், 120-லிருந்து 100-க்கு வருகிறார்: ஆறில் ஒரு பங்கு இழப்பு. வாடகை அதைவிட அதிகமாக இறங்கினால் லாபம். இந்தியாவின் மத்திய அரசு மருத்துவமனைகளிலும் இதே போன்ற ஏற்பாடுதான். வீட்டு வாடகைப்படி ஊரின் வகைக்கேற்ப அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 சதவீதம். இப்படிப்பட்ட முறைகளில் இழப்பை முன்கூட்டியே கணக்கிட முடியும். தனியார் மருத்துவமனையில் முடியாது. அங்கே ஆஃபர் லெட்டர் கையில் வரும்வரை எந்த எண்ணையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

### உரிமம் கூடவே வருமா

இந்தியாவில் நர்ஸ் உரிமத்துக்கான பதிவு மாநில நர்சிங் கவுன்சிலில். மாநிலத்துக்குள் ஊர் மாறினால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேறு மாநிலம் என்றால் பழைய கவுன்சிலின் தடையில்லாச் சான்று பெற்று, புதிய கவுன்சிலில் பதிய வேண்டும். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் பதிவு வேறு. ஆஸ்திரேலியாவில் 2010 ஜூலை முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. பிரிட்டனிலும் ஒரே பதிவுதான்.

அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையே உரிம ஒப்பந்தம் ஒன்று உண்டு. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் சேரவில்லை. ஒப்பந்த மாநிலம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால், 60 நாளுக்குள் புதிய மாநிலத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் வந்தது. பழைய பன்மாநில உரிமத்தை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம் என்று இருந்துவிடுபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சு. பிரிட்டனில் சுகாதாரப் பணியாளர் விசா குறிப்பிட்ட ஸ்பான்சரோடு, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியோடு, கட்டப்பட்டது. என்.எச்.எஸ்.ஸுக்குள்ளேயே ஒரு டிரஸ்டிலிருந்து (மருத்துவமனைகளை நடத்தும் அமைப்பு) இன்னொன்றுக்குப் போனாலும் அது புதிய ஸ்பான்சர். விசா விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகே அங்கே வேலை தொடங்கலாம்.

### ரோஸ்டர், அதாவது குழந்தையை யார் பார்ப்பது

12 மணி நேர டியூட்டி, காலை 7 முதல் இரவு 7 வரை என்று வையுங்கள். 45 நிமிடப் பயணம் என்றால் 6:15-க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இரவு ஹேண்ட்ஓவர் (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது) முடிய 7:30, வீடு வந்து சேர 8:15. மொத்தம் 14 மணி நேரம். காப்பகம் காலை 7:30 முதல் மாலை 6 வரை என்றால், காலையில் 1 மணி 15 நிமிடமும் மாலையில் 2 மணி 15 நிமிடமும் வேறு யாராவது பார்க்க வேண்டும். துணைவருக்கு நிலையான பகல் வேலை இருந்தால் சமாளிக்கலாம். அவரும் ஷிஃப்டில் இருந்தால் தினமும் இந்த மூன்றரை மணி நேரத்துக்கு ஆள் தேட வேண்டும்.

நைட் டியூட்டியில் சிக்கல் இரட்டிப்பு. இரவு முழுக்கக் குழந்தையோடு ஒருவர் இருக்க வேண்டும். மறுநாள் காலை நீங்கள் தூங்கும்போதும் ஒருவர் இருக்க வேண்டும். பள்ளி செல்லும் குழந்தை என்றால் பகலைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். இரண்டு வயதுக் குழந்தை என்றால் ஒரு நைட்டுக்கு இரண்டு பேருடைய உதவி தேவை. பலர் இரவுக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிட்டு, பகலில் அரைத்தூக்கத்தில் குழந்தையைப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஊர் மாறும் கணக்கில் "காப்பகக் கட்டணம்" என்று ஒரே வரி எழுதினால் இது தெரியாது. மாதத்தில் எத்தனை நைட், எத்தனை வார இறுதி, ஒவ்வொன்றுக்கும் யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். பெயர் எழுத முடியாத கட்டம் எல்லாம் செலவு.

இன்னொன்று. புதிய இடத்தில் நீங்கள்தான் ஜூனியர். பல மருத்துவமனைகளில் பண்டிகை நாள் ஆஃபும் பகல் டியூட்டியும் பணிமூப்புப்படிதான். பத்து வருட அனுபவம் சம்பளத்தில் கணக்கில் வரலாம். ரோஸ்டரில் வராது.

### ஒருவருக்கு எத்தனை நோயாளிகள்

குடும்ப வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடிச் சம்பந்தம் உண்டு. அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது அறுவைசிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸ்களுக்குப் பணிச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுவதாகக் கண்டது. வாடகை குறைந்து, பெரிய வீடு கிடைத்து, தினமும் பிழிந்தெடுத்த உடம்போடு அந்த வீட்டுக்கு வருவதில் குழந்தைகளுக்கு என்ன லாபம்?

நர்ஸ்-நோயாளி விகிதம் சட்டத்தைப் பொறுத்தது, சட்டம் இடத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் 1999-ல் சட்டம் இயற்றி 2004 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு 2 நோயாளிகள், பொது மருத்துவ, அறுவைசிகிச்சை வார்டில் 5 பேர் என்பதே உச்ச வரம்பு. வாடகை குறைவு என்று டெக்சாஸுக்குப் போகிறவருக்கு அப்படி எண் போட்ட சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் விகிதம் 2015 முதல் சட்டமாகவே இருக்கிறது. நீங்கள் போகும் இடத்தில் சட்டம் இல்லையென்றால், அந்த வார்டின் நைட் ஷிஃப்ட் விகிதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் வேலை. பகல் விகிதத்தைச் சொல்லிவிட்டு நைட்டைப் பற்றி மழுப்பினால் அதுவே பதில்.

### பணிக்காலத்தோடு கட்டப்பட்ட சலுகைகள்

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். அமெரிக்காவில் சட்டப்படியான 12 வார ஊதியமில்லா விடுப்புக்கு, அதே முதலாளியிடம் 12 மாதப் பணியும், விடுப்புக்கு முந்தைய 12 மாதத்தில் 1,250 மணி நேர வேலையும் தேவை. இந்தியாவில் 26 வார மகப்பேறு விடுப்புக்கு, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். பிரிட்டனில் ஒரு என்.எச்.எஸ். டிரஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல் போனால், ஒப்பந்தப்படியான மகப்பேறு ஊதியத்துக்கான தொடர்பணி அறுபடாது. தனியார் மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ போனால் அறுபடும். கர்ப்பமான பிறகு ஊர் மாறுவதும், மாறிய பிறகு கர்ப்பமாவதும் பணக் கணக்கில் வேறுவேறு.

இந்தியாவில் பணிக்கொடைக்குப் பொதுவாக 5 ஆண்டு தொடர்பணி வேண்டும். நாலரை வருடத்தில் கிளம்புபவர் ஆறு மாதம் பொறுத்தால் கிடைக்கும் தொகையைக் குடிபெயரும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கல்விக்கடன் தள்ளுபடித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 120 தவணை முழுவதும் அரசு அல்லது லாபநோக்கமற்ற நிறுவனத்தில் முழுநேர வேலையில் இருந்தபடி கட்டியதாக இருக்க வேண்டும். புதிய ஊரில் கிடைக்கும் வேலை லாபநோக்குள்ள மருத்துவமனையில் என்றால் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும். சேரும்போது தரும் போனஸையும் கவனியுங்கள். குறிப்பிட்ட காலம் முடியுமுன் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு ஏறக்குறைய எப்போதும் அதில் இருக்கும்.

கடைசியாக ஓர் எளிய கேள்வி: அந்த ஊரில் உங்கள் துறையில் வேலை தரக்கூடிய மருத்துவமனைகள் எத்தனை? பலகைகளை எண்ணாதீர்கள், உரிமையாளர்களை எண்ணுங்கள். நான்கு மருத்துவமனைகளும் ஒரே குழுமத்தினுடையவை என்றால் உங்களுக்கு அங்கே ஒரே முதலாளிதான்.

## வழி 1: பெருநகரத்திலேயே இருந்து வேலையை மாற்றுவது

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. உண்மையில் பல குடும்பங்களுக்குப் பிரச்சினை ஊரில் இல்லை, வார்டில் இருக்கிறது. புறநோயாளிப் பிரிவு, டயாலிசிஸ், எண்டோஸ்கோபி, பகல்நேர அறுவைசிகிச்சை, தொற்றுக்கட்டுப்பாடு, பள்ளி நர்ஸ், காப்பீட்டு நிறுவனங்களின் மருத்துவப் பரிசீலனை: நைட் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் இடங்கள் பெருநகரத்தில்தான் அதிகம். மருத்துவமனைக் குடியிருப்பு கிடைக்கும் இடமாகப் பார்த்து மாறுவதும் இதில் அடங்கும்.

மறைந்திருக்கும் செலவு, இரவுப்படியும் வார இறுதிப்படியும் போய்விடுவது. இவற்றை நம்பியே குடும்பம் ஓடுகிறது என்றால், பகல் வேலைக்கு மாறும்போது சம்பளம் விழுவது ஊர் மாறியவருக்கு விழும் அளவுக்கே இருக்கலாம். இரவுக் குழந்தைப் பராமரிப்புச் செலவும் அதோடு போவதால் இரண்டையும் கழித்துப் பாருங்கள்.

துணைவரின் வேலை இந்த நகரத்தில் மட்டுமே கிடைக்கும் என்றால், குழந்தைக்குத் தொடர் சிகிச்சை தரும் நிபுணர் இங்கேதான் என்றால், நீங்கள் உறுப்பு மாற்று சிகிச்சை, குழந்தைகள் இதய அறுவை போன்ற குறுகிய துறையில் ஆழமாகப் போயிருந்தால், இதுவே சரியான வழி. நகரத்தை விட்டுப் போகுமுன் வார்டை விட்டுப் பார்க்கலாம். அது பிடிக்காவிட்டால் திரும்பி வருவது எளிது.

## வழி 2: புறநகரில் வீடு, அதே மருத்துவமனை

உரிமம், பணிமூப்பு, சலுகைகள், துணைவரின் வேலை, எதையும் தொட வேண்டாம். ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை பார்ப்பவர்கள் செய்வது இதைத்தான். விலை, நேரத்தில் கொடுக்கிறோம்.

ஒரு வழிப் பயணம் 75 நிமிடம் என்று வையுங்கள். 8 மணி நேர டியூட்டியில் மாதம் 22 நாள் என்றால் பயணத்துக்கே 55 மணி நேரம். 12 மணி நேர டியூட்டியில் 13 நாள் என்றால் 32.5 மணி நேரம்தான். ஆகவே புறநகர் வீடு 12 மணி நேர ரோஸ்டருக்குப் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் அந்த 13 நாட்களிலும் டியூட்டி 12, ஹேண்ட்ஓவர் அரை, பயணம் இரண்டரை என்று 15 மணி நேரம் வெளியே. அடுத்தடுத்த இரண்டு டியூட்டிகளுக்கு நடுவே வீட்டில் இருப்பது 9 மணி நேரம். குளித்து, சாப்பிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தால் ஏழு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காது. மூன்று டியூட்டி தொடர்ந்து போட்டால் மூன்றாம் நாள் உடம்பு சொல்லிவிடும்.

நைட் முடித்து வண்டி ஓட்டுவது இந்த வழியின் மிகப் பெரிய ஆபத்து. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்குவதாக டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் 1997-ல் காட்டினார்கள். முந்தைய மதியம் எழுந்து, இரவு வேலை பார்த்து, காலை 8 மணிக்கு ஸ்டியரிங் பிடிப்பவர் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டார். ஆகவே புறநகரைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு நிபந்தனை: ரயிலோ மருத்துவமனைப் பேருந்தோ இருக்கும் திசையில் மட்டும் வீடு பாருங்கள். முதல் ரயில் காலை டியூட்டிக்கு நேரத்துக்கு வந்து சேருமா, கடைசி ரயில் மாலை டியூட்டி முடிந்த பின் இருக்குமா என்று ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் பாருங்கள். வாரநாள் அட்டவணையைப் பார்த்து வீடு எடுப்பவர்கள் அதிகம்.

ஓ.டி. (அறுவை அரங்கு), கேத் லேப் (இதயக் குழாய் சிகிச்சைக் கூடம்) போன்ற, அழைத்தால் எந்நேரமும் வர வேண்டிய ஆன்-கால் பிரிவினருக்கு இந்த வழி ஏறக்குறைய மூடப்பட்டது. அழைத்தால் 30 நிமிடத்துக்குள் வர வேண்டும் என்பது பல இடங்களில் விதி.

## வழி 3: நடுத்தர நகரம்

குழந்தை வளர்க்கும் பெரும்பாலான நர்ஸ் குடும்பங்களுக்கு, என் மதிப்பீட்டில், இதுவே சிறந்த வழி. ஒரு நிபந்தனையோடு: அந்த நகரத்தில் ஒரு போதனா மருத்துவமனையோ பெரிய உயர்சிகிச்சை மையமோ இருக்க வேண்டும், அதைத் தவிர உங்கள் துறையில் வேலை தரக்கூடிய வேறு இரண்டு முதலாளிகளாவது இருக்க வேண்டும். இருந்தால், முதல் வேலை சரிவராவிட்டாலும் வீட்டையும் பள்ளியையும் மாற்றாமல் அடுத்த வேலைக்குப் போகலாம். இல்லாத நடுத்தர நகரம், வாடகையில் நடுத்தரம், வேலையில் சிற்றூர்.

பயணம் குறைவதே இங்கே முதல் லாபம். 45 நிமிடம் 15 நிமிடமானால், மேலே பார்த்த காப்பக இடைவெளியில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அடைபடுகிறது. சம்பளப் பட்டியலில் தெரியாத வருமானம் அது.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. பொதுப் போக்குவரத்து இரவில் ஓடாத நகரங்களில் இரண்டாவது வண்டி வாங்க வேண்டிவரும். வாடகையில் மிச்சப்படுத்தியதில் கணிசமான பகுதியை அது விழுங்கும். ஏஜென்சி ஷிஃப்ட் (ஆள் அனுப்பும் நிறுவனம் வழியாகக் கிடைக்கும் தனி ஷிஃப்ட்), கூடுதல் டியூட்டி மூலம் பெருநகரத்தில் வந்த உபரி வருமானம் இங்கே பாதியாகலாம். ஓரியண்டேஷன் (புதியவருக்கான பயிற்சி) காலத்தில் உங்கள் விருப்ப ரோஸ்டர் எதுவும் செல்லாது. சில வாரம் பகல், பிறகு நேராக நைட் என்று போடுவார்கள். அந்த வாரங்களுக்கு மட்டும் உறவினர் ஒருவரை அழைத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று முன்பே பேசிவையுங்கள். குடிபெயர்ந்த குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான்.

திறமை தேங்குமா என்ற பயத்துக்கு நேரடியான சோதனை ஒன்று இருக்கிறது. நீங்கள் போகும் யூனிட்டிலிருந்து நோயாளிகளை வேறு ஊருக்கு மாற்றி அனுப்புகிறார்களா, அல்லது வேறு ஊரிலிருந்து இங்கே அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். நோயாளிகள் வந்து சேரும் யூனிட்டில் கற்றுக்கொள்வீர்கள். அனுப்பிவைக்கும் யூனிட்டில், வென்டிலேட்டர் நோயாளியை நிலைப்படுத்தி ஆம்புலன்ஸில் ஏற்றுவதோடு உங்கள் பங்கு முடிந்துவிடும்.

## வழி 4: சிற்றூர், பெரும்பாலும் பெற்றோர் பக்கத்தில்

அட்டவணையில் அதிகம் மிஞ்சுவது இங்கேதான். காரணம் வாடகை மட்டுமல்ல. குழந்தைப் பராமரிப்பு 5 பங்காக இருப்பதற்குக் காரணம் பாட்டி, தாத்தா. அந்த 5 நிலையாக இருக்குமா என்பதே இந்த வழியின் மையக் கேள்வி. அவர்களுக்கு 60 வயதில் இரண்டு வயதுக் குழந்தையை வாரம் மூன்று இரவு பார்க்க முடியலாம். 68 வயதில் முடியாமல் போகலாம். அப்போது பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர்கள் அவர்களாக இருப்பார்கள். குடும்பத்தில் ஒரே நர்ஸ் நீங்கள் என்றால் அந்தப் பொறுப்பு யாரிடம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை வெளிப்படையாக முன்பே பேசிக்கொள்ளும் குடும்பங்கள் நன்றாக இருக்கின்றன.

வேலை வகையில், சிறிய மருத்துவமனையில் ஒரே ஷிஃப்டில் அவசரப் பிரிவு, பிரசவ அறை, வார்டு மூன்றையும் பார்க்க நேரும். பரந்த அனுபவம் வேண்டுபவருக்கு இது நல்ல களம். ஒரே துறையில் வேர்விட்டவருக்கு மன அழுத்தம். இரவில் மருத்துவர் வீட்டில், நீங்கள் வார்டில் என்ற நிலையும் வரும். எழுத்துபூர்வமான ஆணை இல்லாமல் எதையெல்லாம் செய்யச் சொல்வார்கள் என்று சேருமுன் விசாரியுங்கள். உங்கள் உரிமத்தைப் பாதிக்கக்கூடிய விஷயம் இது.

அரசு வேலையில் இடமாற்றம் பெற்று வருபவருக்கும், பெற்றோருக்கு இப்போதே உதவி தேவைப்படும் குடும்பத்துக்கும், துணைவர் வீட்டிலிருந்தே வேலை செய்யக்கூடியவர் என்றாலும் இந்த வழி பொருந்தும். ஊரில் ஒரே மருத்துவமனை, அதிலும் தனியார் என்றால், அந்த நிர்வாகத்தோடு ஒரு மனக்கசப்பு வந்தாலே ஊரை விட்டுப் போக வேண்டிவரும். வீடு வாங்கும் யோசனையைக் குறைந்தது ஒரு வருடம் தள்ளிவையுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | பெருநகரம், வேறு வேலை | புறநகர் | நடுத்தர நகரம் | சிற்றூர் |
|---|---|---|---|---|
| உரிமம் | மாற்றம் இல்லை | மாற்றம் இல்லை | மாநிலம் தாண்டினால் புதிதாக | மாநிலம் தாண்டினால் புதிதாக |
| பணிமூப்பு | உள்மாற்றம் என்றால் நிற்கும் | நிற்கும் | பெரும்பாலும் போகும் | அரசு இடமாற்றம் தவிர, போகும் |
| நைட்டுக்குக் குழந்தைத் துணை | கட்டணம் கொடுத்து | கட்டணம், நீண்ட நேரம் | கட்டணம், குறைந்த நேரம் | உறவினர் |
| துணைவரின் வேலை | பாதிப்பு இல்லை | பயணம் மட்டும் கூடும் | துறையைப் பொறுத்தது | வீட்டிலிருந்து வேலை இல்லையென்றால் கடினம் |
| அடுத்த முதலாளி | பலர் | பலர் | இரண்டு, மூன்று பேர் | இல்லாமலும் போகலாம் |
| பெரிய ஆபத்து | இரவுப்படி இழப்பு | நைட் முடித்து வண்டி ஓட்டுவது | முதல் மூன்று மாதம் | ஒரே முதலாளி |

## முடிவு செய்துவிட்டால், எந்த வரிசையில்

முதலில் உரிமம். வேறு மாநிலம் என்றால் வேலை தேடுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். கவுன்சில்களுக்கு இடையேயான சரிபார்ப்பு எத்தனை வாரம் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை.

அடுத்தது நேர்காணல். சம்பளத்தைத் தவிர இவற்றையும் கேளுங்கள்: நைட்டில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள்? ரோஸ்டர் எத்தனை வாரம் முன்னால் வருகிறது? ஆள் குறையும் வேறு வார்டுக்குத் தற்காலிகமாக (ஃப்ளோட்) அனுப்புவது உண்டா, எந்த வார்டுகளுக்கு? புரொபேஷன் (தகுதிகாண் காலம்) எத்தனை மாதம், அதில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் விடுப்பு உண்டா? என் முந்தைய அனுபவம் எந்தச் சம்பளப் படியில் கணக்கிடப்படும்? கடைசி இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாண்ட் என்று ஒரு காகிதம் நீட்டினால், எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு, நிர்வாகமே வெளியேற்றினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். அவர்களிடம் விட்டுவைக்க வேண்டாம்.

ஆஃபர் லெட்டர் வந்த பிறகு, ராஜினாமா கொடுக்குமுன், ஒருமுறை அந்த ஊரில் இரண்டு நாள் தங்குங்கள். பார்க்கும் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, காலை டியூட்டி தொடங்கும் நேரத்துக்கு ஒருமுறையும், மாலை டியூட்டி முடியும் நேரத்துக்கு ஒருமுறையும் போய்வாருங்கள். காப்பகத்தில் கட்டணத்தைவிட முக்கியமான கேள்வி, தாமதமாக அழைத்துப் போனால் என்ன செய்வார்கள் என்பது. ஹேண்ட்ஓவர் நீண்டுபோகும் நாள் மாதத்தில் சில முறை கட்டாயம் வரும்.

குடும்பம் எப்போது வருவது? பள்ளி ஆண்டின் நடுவே என்றால், நர்ஸ் முதலில் போய் மருத்துவமனை விடுதியில் தங்கி ஓரியண்டேஷனை முடிப்பதும், குடும்பம் பள்ளி விடுமுறையில் வருவதும் நல்லது. இரண்டு வீட்டுச் செலவு என்று தயங்குவார்கள். புரொபேஷனில் வேலை சரிவரவில்லை என்று தெரிந்தால் திரும்பிப் போக வீடு இருக்கிறது என்பதற்கான காப்புத் தொகை அது. ஆனால் கைக்குழந்தை இருந்தால் இந்தப் பிரிவு வேண்டாம்.

பழைய மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளில் கையில் இருக்க வேண்டியவை: ரிலீவிங் லெட்டர், துறை வாரியாகத் தேதி குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழ் (வெறும் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று மட்டும் இருந்தால் ஐ.சி.யூ. அனுபவம் கணக்கில் வராது), கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதி போன்ற ஓய்வுநிதிக் கணக்கின் எண், ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி அளவு, காசநோய்ப் பரிசோதனை முடிவு, தடுப்பூசிப் பதிவுகள், இரண்டு ஆண்டில் காலாவதியாகும் பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (உயிர்காப்புப் பயிற்சி) சான்றுகள். தடுப்பூசிப் பதிவு இல்லாமல் போய், ஊசிகளை முதலிலிருந்து போட்டு, சேரும் தேதி தள்ளிப்போவது வழக்கமாக நடப்பது. அனுபவச் சான்றிதழைக் கிளம்பிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், தூரத்து ஊரிலிருந்து அதற்காக ஒரு ஆஃப் நாளைச் செலவழித்து வர வேண்டியிருக்கும். நோட்டீஸ் கொடுக்கும் அன்றே நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் எழுத்தில் கேட்டுவையுங்கள்.